முதல் பாதியை முடித்துத் தந்தவர்களுக்கு

ஹெசரகட்டா இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் காளான் ஆய்வகத்தாருக்கும், இழை ஓடிய காளான் பைகளை நிரப்பித் தரும் அத்தனை கைகளுக்கும்,

உங்களில் பெரும்பாலோரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் உங்கள் உழைப்பை என் வீட்டில் நாங்கள் உண்கிறோம். வைக்கோல் முழுக்க வெள்ளை இழை ஓடி, காளான் விடத் தயாராக இருக்கும் பையை வாங்கி வந்து உறியில் தொங்கவிடுகிறோம். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறோம். சிப்பிக் காளானைப் பறித்துக் குழம்பு வைக்கிறோம். ஓசூரில் இப்படிச் சமைக்கும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இந்த நன்றி என் ஒருத்தியின் நன்றி அல்ல என்பதால், தனிக் கடிதமாக அனுப்பாமல் ஊரறிய எழுதுகிறேன்.

ஓசூர் உங்களுக்கு அந்நிய ஊர் அல்ல. அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜூவாடி வந்தால் தமிழ்நாடு தொடங்கிவிடும். அசோக் லேலண்டின் லாரி, டிவிஎஸ்ஸின் இருசக்கர வண்டி, டைட்டனின் கைக்கடிகாரம் என்று நாடே அறிந்த பொருள்கள் இந்த ஊரில் உருவாகின்றன. அவற்றைச் சுற்றிப் பெயர் வெளியே தெரியாத சிறு பட்டறைகள் எத்தனையோ. அந்த வேலைகளை நம்பித் தருமபுரி, திருவண்ணாமலை, ஊத்தங்கரை, ஆந்திர எல்லைக் கிராமங்கள், ஒடிசா, பீகார் என்று பல திசைகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் நாங்கள். எங்களில் நிறையப் பேர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். என் அப்பா ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரி நிலத்தில் ராகியும் நிலக்கடலையும் போட்டவர். எனக்கு இங்கே இருப்பது மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீடு. ஓர் அறை, ஓர் அடுப்படி, பக்கத்து வீட்டாரோடு பகிர்ந்துகொள்ளும் நடை. மொட்டை மாடி வீட்டுக்காரருடையது. ஒரு தக்காளிச் செடி வைக்கக்கூட இடமும் வெயிலும் தேட வேண்டிய வீடு இது. நடையின் கடைசியில், குளியலறைச் சுவரோரம், வெயிலே எட்டிப் பார்க்காத இரண்டடி இடத்திலும் ஓர் அறுவடை எடுக்கலாம் என்று காட்டியவர்கள் நீங்கள்.

காளான் வளர்ப்பது மிகவும் எளிது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடைசிப் பாதி எளிதுதான். முதல் பாதி எளிதல்ல என்பது அதைச் செய்பவர்களுக்கே தெரியும். அந்தப் பாதியை வாசிப்பவர்களும் அறிய வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வித்து. வெள்ளைச் சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து, மேல் ஈரம் போக உலர்த்தி, கால்சியம் கார்பனேட் கலந்து, பையில் அடைத்துப் பஞ்சு வைத்து மூட வேண்டும். ஆட்டோகிளேவில் நீராவி அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் வைத்துக் கிருமி நீக்க வேண்டும். ஆறிய பிறகு, தூசியும் கிருமியும் அண்டாத இடத்தில் வைத்துச் சுத்தமான காளான் இழையை அதில் சேர்க்க வேண்டும். தானியம் முழுக்க இழை பரவ ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். காளான்காரர்கள் ஸ்பான் என்று சொல்வது இதைத்தான்.

அடுத்து பெட், அதாவது காளான் வளரும் படுக்கை. வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, கொதிநீரிலோ நீராவியிலோ வேகவைத்து, சுத்தமான தரையில் நிழலில் பரப்ப வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. உள்ளங்கை ஈரம் மட்டும் பட வேண்டும். அதுதான் பதம். பிறகு பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓரத்தைச் சுற்றி வித்து, மறுபடி வைக்கோல், மறுபடி வித்து என்று நிரப்பி, காற்று இடைவெளி இல்லாமல் அழுத்திக் கட்டி, துளை போட்டு, வெளிச்சம் குறைந்த அறையில் இரண்டு மூன்று வாரம் வைத்துக் காக்க வேண்டும்.

ஆபத்து முழுவதும் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. வேகவைத்த வைக்கோலைத் தின்னக் காளானுக்கு மட்டுமா ஆசை? டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூசணம் காற்றிலேயே மிதந்து வரும். ஈரம் கொஞ்சம் கூடினால் பாக்டீரியா பெருகி வைக்கோல் நாற்றமெடுக்கும். சின்ன ஈக்கள் துளை வழியாக நுழைந்து முட்டையிடும். அத்தனை பேரையும் முந்திக்கொண்டு காளான் இழை பை முழுவதையும் பிடித்துவிட வேண்டும். பிடித்துவிட்டால் மற்றவற்றுக்கு இடமில்லை. பிடிக்காவிட்டால் அந்தப் பை குப்பைக்குத்தான் போகும். ஒற்றை அடுப்பும் பொதுக் குழாயும் உள்ள லைன் வீட்டில் இந்தப் பந்தயத்தை நடத்த முடியாது. நீங்கள் அதை உங்கள் இடத்தில் நடத்தி முடித்துவிட்டு, ஜெயித்த பையை மட்டும் எங்கள் கையில் தருகிறீர்கள். கெட்டுப்போன பைகளின் நஷ்டம் உங்களோடு நின்றுவிடுகிறது.

ஃபேக்டரி லைனில் நிற்கும் எனக்கு இதன் அருமை நன்றாகப் புரிகிறது. முந்தைய ஸ்டேஷனில் இருப்பவர் ஸ்க்ரூவைச் சரியான இறுக்கத்தில் முடித்து அனுப்பினால்தான் என் கை தடையில்லாமல் ஓடும். அவர் முகத்தை நான் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. பொருள் என் முன்னால் வந்து நிற்கும்போது அவர் வேலை அதில் தெரியும். வெள்ளையாக, கெட்டியாக, நல்ல காளான் வாசனையோடு வந்து சேரும் ஒவ்வொரு பையிலும் உங்கள் வேலையை அப்படித்தான் பார்க்கிறேன்.

வேலையை எந்த இடத்தில் வெட்டி எங்களிடம் தருவது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் முதல் நன்றி. காளானைப் பறித்துப் பாக்கெட்டில் போட்டுத் தந்திருந்தால் நாங்கள் வாங்குபவர்களாகவே இருந்திருப்போம். வித்துப் பையை மட்டும் கொடுத்து வைக்கோலை வேகவைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால், இடமும் நேரமும் உள்ளவர்கள் மட்டுமே செய்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில், ஆபத்து கழிந்து அக்கறை மட்டும் தேவைப்படுகிற கட்டத்தில் பையைக் கைமாற்றினீர்கள். அந்த இடத்திலிருந்து ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர்களாலும் முடியும்; பள்ளிக்கூடப் பிள்ளையாலும் முடியும்; மாடி ஏற முடியாத பாட்டியாலும் முடியும். உங்கள் ஆய்வகத்தின் முதன்மை விஞ்ஞானியாக இருந்த முனைவர் மீரா பாண்டேவும் அவரோடு உழைத்தவர்களும் நகரத்து வீடுகளை மனத்தில் வைத்து இந்தத் தயார்நிலைப் பையை முன்னெடுத்தார்கள். வெட்டவெளியில் வைத்தாலும் சூரிய மின்சாரத்தில் தானே தண்ணீர் தெளித்து உள்ளே குளிர்ச்சி காக்கும் சிறு வளர்ப்புக் கூண்டும் உங்கள் நிறுவனம் வடிவமைத்ததே. ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்துகொண்டு, ஜன்னல் இல்லாத வீட்டில் இருப்பவரின் நாளை யோசித்துப் பார்த்த அந்த மனத்துக்கு வணக்கம்.

உங்களுக்கு நன்றி சொல்லும்போது உங்களுக்கு முன்னால் போனவர்களையும் நினைக்க வேண்டும். சிப்பிக் காளானைத் திட்டமிட்டு வளர்க்கலாம் என்று 1917-இல் ஜெர்மனியில் ஃபால்க் என்பவர் மர அடிக்கட்டைகளில் வளர்த்துக் காட்டினார். தானியத்தில் வித்து தயாரிக்கும் முறையை 1930-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சிண்டன் உருவாக்கினார். நம் பக்கத்தில் 1943-இல் கோயம்புத்தூரில் தாமஸ், ராமகிருஷ்ணன், நரசிம்மலு ஆகியோர் வைக்கோல் காளான் வளர்க்கும் முறையை எழுதி வைத்தார்கள். சிப்பிக் காளானை நெல் வைக்கோலில் வளர்க்கலாம் என்பதை 1962-இல் மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் பானோ, ஸ்ரீவாஸ்தவா இருவரும் காட்டினார்கள். 1974-இல் இமயமலை அடிவாரத்தில் கள்ளியின் தண்டில் முளைத்திருந்த ஒரு சிப்பிக் காளானை ஜண்டைக் எடுத்து வந்து வளர்ப்புக்குக் கொண்டுவந்தார். பல ஆண்டுகள் நம் நாட்டுக் காளான் குடில்களை நிறைத்தது அந்த வகைதான். 1983-இல் காளானுக்கென்றே சோலனில் தேசிய ஆராய்ச்சி மையம் தொடங்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1, ஊட்டி 1, எம்டியு 1 என்று நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற ரகங்களைத் தொடர்ந்து வெளியிட்டது.

என் வீட்டு நடையில் தொங்கும் பைக்குள் ஜெர்மனியும் பென்சில்வேனியாவும் மைசூரும் கோயம்புத்தூரும் சேர்ந்திருக்கின்றன. அந்த ஆய்வாளர்கள் தாம் கண்டதை மறைத்து வைக்கவில்லை. எழுதி வெளியிட்டார்கள். அரசுச் சம்பளத்தில் செய்த ஆராய்ச்சி மக்களிடமே திரும்பி வர வேண்டும் என்ற எளிய நியாயத்தை நீங்களும் காப்பாற்றி வருகிறீர்கள். ஹெசரகட்டாவில் பயிற்சி பெற்றுப் போனவர்கள் சொந்தமாக வித்தும் பையும் தயாரித்து விற்கிறார்கள். போட்டிக்கு ஆள் கூடுகிறதே என்று நீங்கள் கதவை மூடவில்லை.

இனி, எங்கள் பங்குக்கு விட்டு வைத்த பாதியைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதை நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று கேட்பது கொடுத்தவருக்குச் சந்தோஷம் தரும் என்று நினைக்கிறேன்.

பை வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் நனைத்துத் துடைத்த பிளேடால் சொல்லிய இடங்களில் கீறிவிடுகிறோம். தரையில் வைக்காமல் கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிடுகிறோம். சுற்றிலும் ஈரச் சாக்கு. செய்தித்தாள் படிக்கிற அளவுக்கு வெளிச்சம் போதும். நேர் வெயில் ஆகாது. கைத்தெளிப்பானில் பனித்துளி அளவுக்குத் தண்ணீர். மொட்டு வந்த பிறகு அதன்மேல் தண்ணீர் தேங்க விடக் கூடாது. தேங்கினால் மஞ்சளாகி அழுகும். காற்றோட்டம் குறைந்தால் கரியமிலவாயு சேர்ந்து, தண்டு நீண்டு குடை சிறுத்துவிடும். ஈரம் குறைந்தால் மொட்டுகள் காய்ந்து கருகும். மூன்று நான்கு நாளில் குண்டூசித் தலை அளவில் மொட்டுகள் கூட்டமாகக் கிளம்பும். அதன் பிறகு காலையில் பார்த்ததும் மாலையில் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது. இன்னும் இரண்டு மூன்று நாளில் குடை விரிந்து ஓரம் மெலியத் தொடங்கும்போது, கொத்தை அடியோடு பிடித்துத் திருகி எடுக்கிறோம். கத்தியால் அறுத்து அடிக்கட்டை விட்டால் அது அழுகி அடுத்த விளைச்சலைக் கெடுக்கும். ஒரு வாரம் பத்து நாள் கழித்து அடுத்த பறிப்பு. பிறகு இன்னொன்று. ஒரு கிலோ உலர்ந்த வைக்கோல் கொண்ட பெட், மூன்று பறிப்பிலும் சேர்த்து அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தரும்.

இந்த வேலைக்குப் பெரிய திறமை வேண்டாம், கவனம் வேண்டும். ஏ ஷிப்டுக்கு விடியற்காலை கம்பெனி பஸ் பிடிப்பதற்கு முன் நான் தெளிப்பேன். மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் தெளிப்பாள். நான் நைட் ஷிப்டில் இருக்கும் வாரம் எதிர்வீட்டு ஒடிசா தம்பி நினைவாகப் பார்த்துக்கொள்வார். பறித்ததில் ஒரு கொத்து அவருக்கு. ஒரே சுவரைப் பகிர்ந்தும் பேசிக்கொள்ளாமல் இருந்த வீடுகளுக்கு நடுவே, இன்றைக்குப் பறிக்கலாமா நாளைக்குப் பறிக்கலாமா என்று ஒரு பேச்சு உண்டாகிவிட்டது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒடியாவும் கலந்த பேச்சு அது.

என் மகள் பாடப்புத்தகத்தில் படித்த பூஞ்சையை இங்கே நேரில் பார்க்கிறாள். இது செடி அல்ல, வெயிலில் சமைத்து உண்ணாது, செத்த மரத்திலும் தாளிலும் உள்ள உணவைக் கரைத்து உண்ணும் என்று எனக்கே விளக்கினாள். மரத்துக்கு இறுக்கம் தரும் லிக்னினை உடைக்கும் வல்லமை உள்ள மிகச் சில உயிர்களில் சிப்பிக் காளானும் ஒன்று. மரத்தில் நைட்ரஜன் குறைவு என்பதால், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களை மயக்கிப் பிடித்துத் தின்று அந்தக் குறையை இது ஈடுகட்டுகிறது. 1984-இல் தார்ன், பாரன் என்ற ஆய்வாளர்கள் இதை அறிவித்தார்கள். இழையில் உள்ள சிறு உருண்டைகளுக்குள் இருக்கும் 3-ஆக்டனோன் என்ற வேதிப்பொருள்தான் புழுவைச் செயலிழக்கச் செய்கிறது என்று 2023-இல் தைவான் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். வைக்கோலுக்குள் சும்மா கிடப்பதாக நாங்கள் நினைத்த வெள்ளை நூலுக்கு இத்தனை வாழ்க்கை இருக்கிறது. ஆய்வகத்தையே பார்த்திராத ஒரு பெண் குழந்தைக்கு வீட்டு நடையிலேயே ஓர் ஆய்வகம் திறந்து கொடுத்திருக்கிறீர்கள்.

அடுப்படிக்கு வருகிறேன். ஓசூர் உழவர் சந்தையில் கீரையும் காயும் குவிந்து கிடக்கும். கடைகளில் பட்டன் காளானும் டப்பாவில் கிடைக்கும். சிப்பிக் காளான்தான் அரிது. அது மென்மையானது, சாதாரண வெப்பத்தில் ஒரு நாள் தாண்டினாலே வாடிவிடும். அதனால் இது சந்தையைவிட வீட்டுக்கு ஏற்ற பயிர். பறித்த கையோடு நார் நாராகக் கிழித்து, சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டு வதக்கினால், கேழ்வரகுக் களிக்கு அதைவிடப் பொருத்தமான தொடுகறி எனக்குத் தெரியவில்லை. புரட்டாசியில் கவுச்சி விடுகிற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பின் குறையை இது தீர்த்து வைக்கிறது. தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு, பிரியாணி, முட்டையோடு பொடிமாஸ் என்று ஆளுக்கொரு பக்குவம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதன் சத்தை மிகைப்படுத்தி மருந்தாக விற்பவர்கள் பலர் இருக்கும் காலத்தில், அளவாகச் சொல்ல வேண்டியதும் நன்றியின் ஒரு பகுதி. பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். நூறு கிராமில் மூன்று கிராமை ஒட்டிய புரதம் இருக்கும். கொழுப்பு மிகக் குறைவு. நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் உண்டு. பருப்புக்கும் முட்டைக்கும் மாற்று இல்லை. அவற்றோடு சேர வேண்டிய நல்ல துணை. எங்களுக்கு மிக உதவுகிற செய்தி இன்னொன்று உண்டு. காளானில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. சமைப்பதற்கு முன் குடையின் செவுள் பக்கம் மேலே இருக்கும்படி கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால், அதில் ஒரு பகுதி வைட்டமின் டி-2 ஆக மாறும். விடியும்போது தூங்கப் போய், விளக்கொளியிலேயே வேலை பார்க்கிற ஷிப்ட்காரர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

அடுத்த நன்றி, நம்பிக்கைக்காக. மழைக்குப் பிறகு கரையான் புற்றில் முளைக்கும் காளானை எங்கள் ஊரில் பாட்டிமார் அடையாளம் பார்த்துப் பறிப்பார்கள். அந்தக் கண் எங்கள் தலைமுறைக்கு இல்லை. நச்சுக் காளானை நல்லது என்று நம்பிச் சமைத்தால் உயிரே போகலாம். உங்கள் பையில் இருப்பது இன்ன இனம், இன்ன வித்திலிருந்து வந்தது என்பது தெரிந்தது. அந்தத் தெளிவுதான் பிள்ளைக்கு ஊட்டும் கவளத்தில் எங்களுக்குத் தைரியம் தருகிறது. பையில் மை வடிக்கும் ஒல்லிக் குடைகள் வேறு ஏதாவது முளைத்தால் பிடுங்கி எறிய வேண்டும், உண்ணக் கூடாது என்பதும் நீங்கள் பயிற்சிகளில் சொல்வது. குடை முழுக்க விரிந்து ஓரம் மேலே சுருளும்வரை விட்டால் கோடிக்கணக்கான வித்தணுக்கள் தூளாகக் காற்றில் பரவும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், அந்தத் தூளைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கும் அது ஆகாது. எனவே படுக்கிற அறையில் பையைத் தொங்கவிடக் கூடாது, சற்று முன்னதாகவே பறிக்க வேண்டும் என்று எச்சரிப்பதும் விற்பனைக்கு அப்பாற்பட்ட அக்கறை.

ஓசூரின் தட்பவெப்பமும் எங்களுக்குக் கை கொடுக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 900 மீட்டர் அளவில் இருக்கும் ஊர். கோடையிலும் இரவு குளிர்ந்துவிடும். சிப்பிக் காளானுக்கு 25 டிகிரியை ஒட்டிய வெப்பமும் எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதமும் பிடிக்கும். மலைச்சரிவு இறங்கிக் கிருஷ்ணகிரி, பர்கூர் போனால் சித்திரை வெயிலில் இது தாங்காது. அங்கே இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஏ. எஸ். கிருஷ்ணமூர்த்தி உள்ளிட்டோர் தந்த ஏபிகே 2 என்ற பால் காளான் இருக்கிறது. 30 டிகிரிக்கு மேலும் அது விளையும். பெட்டின் மேல் மண் போட வேண்டும் என்ற கூடுதல் வேலை மட்டும் உண்டு. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு காளான்கள் கைமாறி ஆண்டு முழுக்க விளைச்சல் தர முடியும் என்பது சின்ன விஷயமல்ல.

இந்த மடலில் பெயர் சொல்ல முடியாத ஒரு கூட்டம் இருக்கிறது. விடியலில் வைக்கோல் நறுக்கியவர்கள், கொதிக்கும் அண்டாவின் பக்கத்தில் நின்றவர்கள், ஈரப் பதத்தை உள்ளங்கையால் அளந்தவர்கள், பைக்குப் பை ஒரே அளவு வித்துத் தூவியவர்கள், முகக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு பச்சை படிந்த பைகளைப் பிரித்து வெளியே கொண்டுபோனவர்கள். இவர்களில் பலர் பெண்கள். விஞ்ஞானியின் பெயராவது எங்காவது அச்சாகிறது. இவர்கள் பெயர் பையின் மேல் ஒட்டிய சீட்டில்கூட இருக்காது. அவர்களுடைய சுத்தம்தான் எங்கள் விளைச்சல். அக்காமாரே, தங்கைமாரே, உங்கள் வேலையின் தரத்தை நாங்கள் ஒவ்வொரு பறிப்பிலும் பார்க்கிறோம். இதை உங்களுக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கடைசிப் பறிப்பு முடிந்த பையை நாங்கள் வீணாக்குவதில்லை. பிளாஸ்டிக் உறையைக் கழற்றித் தனியே போட்டுவிட்டு, இழை மென்று பதமாக்கிய வைக்கோலை மட்க வைக்கிறோம். மண்புழு உரம் போடுகிற ஒரு வீட்டுக்கு அதைக் கொடுத்துவிடுகிறோம். அங்கே செம்பருத்தியும் கறிவேப்பிலையும் அதில் வளர்கின்றன. அறுத்த வயலில் மிஞ்சிய தாள் ஒரு குடும்பத்துக்கு உணவாகி, பிறகு இன்னொரு தொட்டிக்கு உரமாகிறது. இந்த ஒழுங்கை எங்கள் பிள்ளைகள் புத்தகத்தில் படிக்காமல் கையால் செய்து பழகுகிறார்கள்.

நன்றியோடு ஒரு வேண்டுகோளும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பையூரில் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எலுமிச்சங்கிரியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. நெல் வைக்கோலோடு ராகித் தாளும் இங்கே நிறையக் கிடைக்கும். உங்கள் பயிற்சியும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அனுபவமும் இந்தக் குழுக்களிடம் சேர்ந்தால், இழை ஓடிய பை எல்லை தாண்டி வர வேண்டிய அவசியம் இருக்காது. பேருந்தில் குலுங்கிச் சூடேறி வரும் பையைவிடப் பத்துக் கிலோமீட்டருக்குள் தயாரான பை நன்றாக விளையும். வேலைக்கு வெளியே போக முடியாத பெண்களுக்கு வருமானமும் ஆகும். எல்லையின் இரண்டு பக்கத்து நிறுவனங்களும் இதற்காக ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை எங்களால் முடிந்ததைச் செய்கிறோம். மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம், சொந்த நிலம் இல்லாவிட்டாலும் இங்கே விளைவிக்கலாம் என்று சொல்கிறோம். எங்கே தொங்கவிடுவது, எவ்வளவு தெளிப்பது, எப்போது பறிப்பது, எதைச் சாப்பிடக் கூடாது என்று பக்கத்தில் நின்று காட்டுகிறோம். வரப்போகும் விடுமுறையில் எங்கள் லைன் வீடுகளிலிருந்து நாலு பெண்கள் பை நிரப்பும் பயிற்சிக்கும் பெயர் கொடுக்கப் போகிறோம். நீங்கள் எங்களுக்காக முடித்து வைத்த அந்த முதல் பாதியை இன்னொருவருக்கு முடித்துத் தரும் நிலைக்கு நாங்களும் வர வேண்டும். உங்களுக்கு நாங்கள் செலுத்தக்கூடிய சரியான நன்றி அதுதான் என்று நம்புகிறேன்.




மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டிலிருந்து ஒரு தொழிலாளி,
ஓசூர்.